எண்ணப்படாத முட்டைகள்

1913இல் ஓப்பர்மன் என்ற ஜெர்மன் ஆய்வாளர் டிரவுட் மீனின் விந்தை ரேடியத்தின் அருகே வைத்தார். பிறகு அந்த விந்தைக் கொண்டு நல்ல முட்டைகளைக் கருவுறச் செய்தார். தவளையில் ஆஸ்கர் ஹெர்ட்விக் ஏற்கெனவே கண்டிருந்த ஒரு விசித்திரம் மீனிலும் தெரிந்தது. விந்து வாங்கிய கதிர்வீச்சு கூடக்கூட, கருக்கள் சாவதும் கூடியது. ஆனால் ஓர் எல்லையைத் தாண்டியதும் நிலைமை தலைகீழானது. பிழைத்து வளரும் கருக்கள் மறுபடி பெருகின. மிதமான கதிர்வீச்சு விந்தின் குரோமோசோம்களை உடைத்து, உடைசலோடு கருவுக்குள் அனுப்புகிறது. பேரளவுக் கதிர்வீச்சோ அவற்றை முற்றாகச் செயலிழக்க வைத்துவிடுகிறது. அப்படிப்பட்ட விந்து முட்டையைத் தூண்டிவிடுவதோடு சரி. தாயின் மரபுப்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு கரு வளரத் தொடங்குகிறது. அந்தக் கருக்களும் பெரும்பாலும் முழு மீனாவதில்லை என்பது சில நாட்கள் பொறுத்துத்தான் தெரியவரும். முதல் நாளில் எண்ணினால் ஒரு விடை, பொரிக்கும் நாளில் எண்ணினால் இன்னொன்று.

மீனும் கதிர்வீச்சும் பற்றிய நூறாண்டு ஆராய்ச்சியைப் புரட்டிப் பார்க்கும்போது இந்தத் தொல்லை விடாமல் கூடவே வருகிறது. ஒரு ஆய்வு 'கேடு இல்லை' என்கிறது, அடுத்தது 'கருக்கள் அனைத்தும் செத்தன' என்கிறது. இரண்டும் பொய்யில்லை. யார், எதை, எந்தப் பருவத்தில் எண்ணினார்கள் என்பதைப் பார்க்காமல் இவற்றை ஒரே தராசில் வைத்ததால்தான் இத்தனை குழப்பம்.

முறையான ஆராய்ச்சி தொடங்கியது போர்க்காலத்தில், ரகசியமாக. 1943இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 'பயன்முறை மீன்வள ஆய்வகம்' என்று ஒன்று திறக்கப்பட்டது. உள்ளே நடப்பதை வெளியே தெரியாமல் வைக்கவே அந்தச் சாதுவான பெயர். அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரிக்கும் உலைகள் ஹான்ஃபோர்டில், கொலம்பியா நதிக்கரையில் எழும்பிக்கொண்டிருந்தன. நதிநீரை இழுத்து, உலைக்குள் ஒரே முறை ஓடவிட்டு, சூட்டோடும் கதிரியக்கத்தோடும் நதிக்கே திருப்பிவிடுவதுதான் திட்டம். அந்த நதியோ சால்மன் மீனுக்குப் பேர்போனது. மீன் செத்து மிதந்தால் ரகசியம் சந்திக்கு வந்துவிடும். லாரன் டொனால்ட்சன் என்ற மீனியல் பேராசிரியரை அழைத்து, சால்மனுக்கும் டிரவுட்டுக்கும் எக்ஸ்-கதிர் என்ன செய்யும் என்று பார்க்கச் சொன்னார்கள். மீனைக் காப்பதைவிட உலையைக் காப்பதுதான் அந்த ஆய்வின் முதல் நோக்கம் என்று நான் சொல்லுவேன். ஆனால் செய்தவர்கள் நேர்மையான மீன்காரர்கள், கண்டதை எழுதிவைத்தார்கள்.

அவர்கள் கண்டதில் அடிப்படையானது ஒன்று. வளர்ந்த மீன் கதிர்வீச்சை ஓரளவு தாங்கும். பாதி மீன்கள் சாகப் பொதுவாக 10 கிரே அல்லது அதற்கும் மேல் வேண்டும். (ஒரு கிலோ உடலில் ஒரு ஜூல் ஆற்றல் பதிந்தால் அது ஒரு கிரே. மனிதர்களுக்கு நான்கைந்து கிரேயே உயிரெடுக்கும் அளவு.) ஆனால் அதே இனத்தின் முட்டையை, கருவுற்று இன்னும் ஒற்றைச் செல்லாக இருக்கும் நேரத்தில் பிடித்தால், அரை கிரேக்கும் குறைந்த அளவே பாதியைக் கொன்றுவிடும். கரு வளர வளரத் தாங்கும் திறனும் ஏறுகிறது. கண்புள்ளி தெரியும் பருவத்தை எட்டிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. ஆகவே 'இந்த மீன் இவ்வளவு தாங்கும்' என்ற பேச்சுக்குத் தனியே பொருளில்லை. எந்த வயதில் என்று உடனே கேட்டாக வேண்டும்.

முட்டை நேராக அடிபடுவது ஒரு வழி. பெற்ற மீன் அடிபட்டு, அதன் சினையும் விந்தும் வழியாகக் கேடு இறங்குவது வேறு வழி. இதையும் அதே குழு பார்த்தது. முட்டையிடும் பருவத்துக்கு முன்பே டிரவுட் மீன்களுக்கு எக்ஸ்-கதிர் கொடுத்து, அவற்றின் குஞ்சுகளில் சாவும் ஊனமும் கூடுவதை 1949இல் வெளியிட்டார்கள். மூன்றாவது வழி இன்னும் நுட்பமானது: குஞ்சும் நன்றாக இருக்கும், பேரக்குஞ்சும் நன்றாக இருக்கும், ஆனால் மரபணுவில் ஒரு மாற்றம் ஒளிந்து இறங்கிக்கொண்டே போகும். அதைப் பிடிக்க வேறு மீனும் வேறு நாடும் தேவைப்பட்டன.

நதிக்கு என்ன ஆயிற்று? நீரில் கலந்த பாஸ்பரஸ்-32 பாசி வழியாகப் பூச்சிக்கும், பூச்சி வழியாக மீனுக்கும் ஏறி, நீரில் இருப்பதைப்போலப் பல ஆயிரம் மடங்காக மீனுடலில் திரண்டது. ஆனாலும் சால்மன் குறையவில்லை. 1948 முதல் சிறு விமானத்தில் பறந்து, நதியின் சரளைப் படுகையில் சால்மன் தோண்டும் முட்டைக்குழிகளை எண்ணிவந்தார்கள். குழிகள் காலப்போக்கில் பெருகவே செய்தன. 'பாருங்கள், கேடில்லை' என்று காட்ட இது வசதியாக இருந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் நதியின் மற்ற பகுதிகளில் அணைகள் வரிசையாக எழுந்து, பழைய முட்டையிடும் இடங்களை மூழ்கடித்தன. அணையில்லாமல் ஓடும் நீளம் ஹான்ஃபோர்டை ஒட்டி மட்டுமே மிஞ்சியது. போக்கிடமற்ற மீன் அங்கே குவிந்ததைக் கதிரியக்கத்துக்கு நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

டொனால்ட்சனின் பிற்காலச் சோதனைதான் இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவதும், அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும். பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒரு குளம் வெட்டி, அங்கே பொரித்த சால்மன்கள் கடலுக்குப் போய்ச் சில ஆண்டுகள் கழித்து அதே குளத்துக்குத் திரும்பும்படி பழக்கியிருந்தார். 1960 முதல், கருவுற்ற நாள் தொட்டு மஞ்சட்கருப் பை கரையும் வரை, ஒரு பங்கு முட்டைகளைக் கோபால்ட்-60இன் காமா கதிரில் வைத்தார்கள்: நாளொன்றுக்கு அரை ராண்ட்ஜன், அதாவது சுமார் 5 மில்லிகிரே. பிறகு அடையாளமிட்டு, கதிர் படாத குஞ்சுகளோடு சேர்த்து இலட்சக்கணக்கில் கடலுக்கு விட்டார்கள். திரும்பி வந்த மீன்களை எண்ணியபோது, கதிர் பட்ட கூட்டம் குறையவில்லை; கொஞ்சம் கூடுதலாகவே வந்தது, முட்டைகளும் அதிகம் இட்டது.

'கொஞ்சம் கதிர்வீச்சு உடம்புக்கு நல்லது' என்று வாதிடுபவர்கள் இதை இன்றும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, கடலுக்கு விடும் முன் அந்தக் குஞ்சுகளில் ஊனங்கள் சற்று அதிகமாக இருந்தன என்பதை. ஊனக்குஞ்சு எதுவும் சில ஆண்டுகள் பசிபிக்கில் பிழைத்துக் குளத்துக்குத் திரும்புவதில்லை. சால்மனில் எந்தக் கதிரும் படாமலேயே நூற்றில் தொண்ணூற்றொன்பது கடலில் மடிகிறது; அந்தப் பெரும் சாவுக்குள் சில கூடுதல் சாவுகள் அடையாளமின்றிக் கரைந்துவிடும். அளவை ஏற்றியபோது கதையும் மாறியது. நாளொன்றுக்கு 10 ராண்ட்ஜன் வரை போன சோதனைகளில் குஞ்சுகளின் இனப்பெருக்க உறுப்புகளே பின்தங்கின. டொனால்ட்சன் குழுவின் முடிவைக் கவனமாகப் படித்தால், இனம் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் திறன் குறையும் அளவுக்குக் கேடில்லை என்பதுதான் அதன் சாரம். அதைக் கேடே இல்லை என்று சுருக்கியது பிறர் வேலை.

இதே ஆண்டுகளில் கருங்கடல் கரையில் நேர் எதிரான விடை கிடைத்தது. செவஸ்தபோலில் கென்னாடி பொலிகார்ப்போவ் என்ற சோவியத் ஆய்வாளர், நெத்திலி முட்டைகளை ஸ்ட்ரான்சியம்-90 கலந்த நீரில் வளர்த்தார். லிட்டருக்கு நான்கு பெக்கரல்கூட இல்லாத நீரிலேயே ஊனக்குஞ்சுகள் கூடியதாக அறிவித்தார். (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்.) அது உண்மையானால் எந்த நாடும் எந்தக் கழிவையும் கடலில் விட முடியாது. விண்ட்ஸ்கேல் அணு ஆலையிலிருந்து ஐரிஷ் கடலுக்குக் கழிவு விட்டுக்கொண்டிருந்த பிரிட்டனில் பிரௌன், டெம்பிள்டன் என்ற ஆய்வாளர்கள் உடனே வேறு மீன்களின் முட்டைகளை எடுத்து, பல மடங்கு அதிகமான செறிவில் வைத்துப் பார்த்தார்கள். 1964இல் கேடு எதுவும் தெரியவில்லை என்று எழுதினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தாலும் பொலிகார்ப்போவின் அளவு இடிக்கிறது: அந்தச் செறிவில், ஒரு நெத்திலி முட்டை பொரிவதற்குள் அதை ஊடுருவும் துகள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் கண்ட ஊனத்துக்கு நீரின் தரமோ முட்டையைக் கையாண்ட விதமோ காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சச்சரவால் ஒரு நன்மை விளைந்தது. நீரில் எத்தனை பெக்கரல் என்று கேட்பதை விட்டு, மீனுக்குள் எத்தனை கிரே பதிகிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். டென்னிஸ் உட்ஹெட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், ஐரிஷ் கடலின் தட்டைமீன்கள் மேலேயே அளவுமானிகளைக் கட்டிக் கடலில் விட்டு, மீனவர் வலையில் அவை திரும்பக் கிடைத்தபோது படித்துக் கணக்கிட்டார். எளிய வேலை, ஆனால் அதற்கு முன் யாரும் செய்யவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு டென்னசியில் நடந்தது. ஓக் ரிட்ஜ் அணுக்கூடத்தின் கழிவுநீர் தேங்கும் ஒயிட் ஓக் ஏரியில் கம்பூசியா மீன்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. நம்மூர் நகராட்சிகள் கொசுப்புழுவைத் தின்னக் கிணற்றிலும் தொட்டியிலும் விடும் அதே மீன்தான். இது முட்டையிடாது, குட்டி போடும். ஆகவே தாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே உயிரோடிருக்கும் கருவையும் செத்த கருவையும் ஊனக்கருவையும் தனித்தனியே எண்ணலாம். மற்ற மீன்களில் நீரோடு போய்விடும் கணக்கு இங்கே வயிற்றுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. அடிச்சேற்றிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 11 ராட், அதாவது 0.11 கிரே, அவற்றின்மேல் பட்டுக்கொண்டிருந்தது. பிளேலாக் என்ற ஆய்வாளர் 1969இல் வெளியிட்ட விடை இரண்டு தரப்பையும் சங்கடப்படுத்தியிருக்க வேண்டும்: ஏரி மீன்கள் ஒரு ஈற்றில் சுமந்த கருக்கள் மற்ற இடத்து மீன்களைவிட அதிகம்; அந்தக் கருக்களில் செத்தவையும் ஊனமுற்றவையும் அதிகம். இழப்பை ஈடுகட்ட இனம் அதிகமாகப் பெறக் கற்றுக்கொண்டது என்பது அவர் விளக்கம். ஏரியில் எத்தனை மீன் என்று மட்டும் எண்ணியிருந்தால் எல்லாம் நலம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

மரபணுக் கேள்வியை நேராக எதிர்கொண்டவர்கள் ஜப்பானியர். நெல்வயல் ஓடைகளில் நீந்தும் மெடாக்கா விரல் நீளம்கூட இல்லாத மீன், இரண்டு மூன்று மாதத்தில் பருவமடைந்து அன்றாடம் முட்டையிடும், முட்டையோ கண்ணாடி. அகிஹிரோ ஷிமாவும் அட்சுகோ ஷிமடாவும் ஆண் மீன்களுக்குக் காமா கதிர் கொடுத்து, நிறத்தைத் தீர்மானிக்கும் குறிப்பிட்ட மரபணுக்களில் பிறழ்வு கொண்ட பெண் மீன்களோடு இணைசேர்த்தார்கள். தந்தையின் மரபணு கெட்டிருந்தால், கருவின் உடலில் நிறமிப் புள்ளிகள் தோன்றாது. எலிகளில் அமெரிக்கர்கள் செய்த பெருஞ்சோதனையின் மீன் வடிவம் இது. எலியிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அந்தக் கண்ணாடி முட்டைதான். எலியில் பிறந்த குட்டியில்தான் பிறழ்வை எண்ண முடியும். மெடாக்காவில் கருவிலேயே எண்ணலாம். எண்ணிப் பார்த்தபோது, பிறழ்வு தெரிந்த கருக்களில் பெரும்பங்கு பொரிப்பதற்கு முன்பே செத்துப்போனது 1991இல் வெளியான அவர்கள் கட்டுரையில் தெரிந்தது. பிறந்தவற்றை மட்டும் எண்ணும் எந்த ஆய்வும், மனிதரைப் பற்றியதையும் சேர்த்துத்தான், அடியில் விழுந்த கணக்கைத் தவறவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

பிறகு செர்னோபில். 1986 ஏப்ரலில் உலை வெடித்தபோது, பக்கத்திலிருந்த குளிர்விக்கும் நீர்த்தேக்கத்தில் வெள்ளிக் கெண்டை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஓரிரு வயதுக் குஞ்சுகளாக இருந்தவை பிழைத்துச் சினைக்கு வந்தன. சோவியத் ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து அடுத்த தலைமுறையையும் எடுத்து வளர்த்தார்கள். பெரும்பாலான மீன்கள் இனம் பெருக்கின. ஆனால் விரையிலும் சூலகத்திலும் கோளாறுள்ளவை, மலடானவை, ஒரே உடலில் இரு பாலுறுப்பும் கொண்டவை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தென்பட்டன. அடுத்த தலைமுறையிலும் தென்பட்டன. இதில் எவ்வளவு கதிருக்கு, எவ்வளவு உலை கக்கிய வெந்நீருக்கு என்று பிரிப்பது சுலபமில்லை. எஞ்சிய உலைகளில் கடைசியானது 2000 டிசம்பர் வரை ஓடியது.

அந்த நீர்த்தேக்கத்தின் பெயரைச் சொன்னால் பலருக்கு நினைவு வருவது பாலத்தடியில் திரியும் ராட்சதக் கெளுத்திகள்தான். சுற்றுலாவுக்குப் போனவர்கள் ரொட்டி போட்டுப் படமெடுத்து, 'கதிர்வீச்சால் பூதமான மீன்' என்று பரப்பினார்கள். ஐரோப்பியக் கெளுத்தி எங்கும் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் இனம். பிடிக்க ஆளில்லாமல், ரொட்டியும் தின்று, முதுமை வரை வாழ்ந்தால் எந்தக் குளத்திலும் இந்த அளவுக்கு வரும்.

செர்னோபில் கதிர் பட்ட மீன்களை இன்றைய முறையில் பார்த்தவர்கள் பிரிட்டனின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அடிலெய்ட் லெரெபூர், ஜிம் ஸ்மித் குழுவினர். பெலாரசிலும் உக்ரைனிலும் ஏழு ஏரிகளில் பெர்ச், ரோச் என்ற இரண்டு மீன்களை எடுத்து 2018இல் வெளியிட்டார்கள். மிகவும் மாசுபட்ட ஏரியில் மணிக்குச் சுமார் 16 மைக்ரோகிரே. மீன்கள் பொதுவாக நலமாக இருந்தன. ரோச்சில் ஒன்றும் தெரியவில்லை. பெர்ச்சில் மட்டும், மாசு மிகுந்த ஏரிகளில், சூலகம் முதிர்வது தாமதமாகியிருந்தது. விபத்து நடந்து முப்பது ஆண்டுக்குப் பிறகு, ஒரே ஏரியில், ஓர் இனத்துக்கு உண்டு, இன்னோர் இனத்துக்கு இல்லை.

ஆய்வகத்தில் இந்தத் தெளிவின்மை இல்லை. ஆனால் அங்கே அளவு எட்டாத உயரத்தில் இருக்கிறது. நார்வேயில், கங்கைச் சமவெளி ஓடைகளைப் பூர்வீகமாகக் கொண்ட வரிக்குதிரை மீன்களை 27 நாள் காமா கதிரில் வைத்தார்கள். மணிக்கு 53 மில்லிகிரே பட்ட பெற்றோரின் கருக்கள் ஒன்றுவிடாமல், கருவுற்ற எட்டு மணி நேரத்துக்குள் செத்தன. 8.7 மில்லிகிரே பட்டவற்றின் குஞ்சுகள் பல பிழைத்தன. அவற்றில் மரபுப்பொருள் சேதமும் ஊனமும் கூடியிருந்தன. மரபணு எழுத்து மாறாமல், அதன்மேல் ஒட்டும் மெத்தில் குறிகள் மட்டும் மாறி, கதிரையே காணாத அடுத்தடுத்த தலைமுறைகளிலும் அந்த மாற்றம் தென்பட்டதாக 2018இல் எழுதினார்கள். சுவையான முடிவு, சந்தேகமில்லை. ஆனால் 53 மில்லிகிரே என்பது செர்னோபில் பெர்ச்சுக்குக் கிடைப்பதைப்போல மூவாயிரம் மடங்குக்கு மேல். இந்த இடைவெளியை நிரப்பும் ஆய்வுகள் மிகக் குறைவு. ஓர் அளவில் கிடைத்த விடையை இன்னொன்றுக்கு நேர்கோடு போட்டு இழுப்பவர்கள் இரண்டு முகாமிலும் இருக்கிறார்கள்.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்மல் மதர்சில், காலின் சீமோர் குழு 2006இல் காட்டியது வேறு வகைச் சிக்கல். கதிர் பட்ட டிரவுட்டை, படாத டிரவுட்டோடு ஒரே நீரில் விட்டபோது, படாததன் திசுக்களிலும் கதிர் பட்டதற்கான மறுவினை தெரிந்தது. ஏதோ ஒரு சமிக்ஞை நீர் வழியாகப் போகிறது. அப்படியென்றால், பழைய ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த 'நல்ல' மீன்கள் எவ்வளவு நல்லவை என்ற கேள்வியும் எழுகிறது.

2011இல் அணு உலை விபத்து நடந்த ஃபுகுஷிமாவில் சிக்கல் வேறு: அளவைகள் ஏராளம், சினையைப் பற்றிய தரவு சொற்பம். 2011 ஆகஸ்டில் கலிபோர்னியாக் கரையில் பிடிபட்ட நீலத்துடுப்புச் சூரைகளின் சதையில் ஃபுகுஷிமாவின் சீசியம் இருந்தது. பசிபிக்கைக் கடந்து சுமந்து வந்திருந்தன. உலகமே பதறியது. ஆனால் கடலில் இயற்கையாகவே உள்ள பொலோனியம்-210 அதே மீனுக்குத் தரும் கதிர்வீச்சு, அந்தச் சீசியம் தந்ததைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம் என்று அளந்தவர்களே காட்டினார்கள். உலைக்கு அருகில் நிலைமை வேறு. 2023 மே மாதத்தில் அங்குள்ள துறைமுகத்தில் பிடித்த ஒரு கறுப்புப் பாறைமீனில் கிலோவுக்கு 18,000 பெக்கரல் இருந்தது. ஜப்பானின் உணவு வரம்பு 100.

அந்த 100 என்பது தின்பவருக்கான வரம்பு. உலகெங்கும் 'மீன் பாதுகாப்பு' என்று சொல்லி நடக்கும் சோதனைகளில் பெரும்பாலானவை மீனைத் தின்னும் நமக்காக நடப்பவை. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுமின் நிலையங்களை ஒட்டிய சுற்றுச்சூழல் ஆய்வகங்கள் மீனை எடுத்து அதன் கதிரியக்கத்தை அளப்பதும் முதன்மையாக இதற்குத்தான். மீனுக்கென்று வரம்பு வகுக்கும் முயற்சி பிறகுதான் வந்தது. சர்வதேச அணுசக்தி முகமை 1992இல், நாளொன்றுக்கு 10 மில்லிகிரேக்கு மேல் போகாவிட்டால் நீர்வாழ் இனங்கள் தப்பும் என்றது. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2008இல் டிரவுட்டையும் தட்டைமீனையும் மாதிரியாக எடுத்துக்கொண்டு, நாளொன்றுக்கு 1 முதல் 10 மில்லிகிரே வரை பட்டால் கவனிக்கத் தொடங்குங்கள் என்றது. இரண்டுமே இனம் தப்புகிறதா என்ற கேள்விக்குத்தான் விடை தேடுகின்றன. எந்தத் தாயின் எத்தனை கரு போனது என்பது அவற்றின் கணக்கில் இல்லை. இலட்சம் முட்டையிடும் கெண்டைக்கு இது போதுமானதாக இருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை சில குட்டிகளே ஈனும் சுறாவுக்கும் திருக்கைக்கும் இதே கணக்குச் செல்லுமா என்பது என் சந்தேகம். டிரவுட்டும் தட்டைமீனும் அவற்றுக்காகப் பேச முடியாது.

பெர்ச்சில் கண்ட தாமதம் சிறியது. அதற்குக் கதிர்தான் காரணம் என்பதும் உறுதியில்லை. ஆனால் சூலகத்தைச் சீவி நுண்ணோக்கியில் வைத்ததால்தான் அது தென்பட்டது. அதே மீனின் சதையை மட்டும் எடுத்து அளவுமானியில் வைத்திருந்தால், கிலோவுக்கு இத்தனை பெக்கரல் என்ற ஓர் எண்ணோடு அது சந்தைக்குப் போகலாமா கூடாதா என்பது தீர்மானமாகியிருக்கும்.